சாந்தி டீச்சரின் தட்டும் கம்பியும்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக ஈப்போவில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த டாக்டர், இதைப் படிக்கும் இளம் பல் மருத்துவர்களான உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாம். திரையில் அந்தப் பெண்ணின் பற்களைக் காட்டினார். அவை ஒவ்வொன்றாக நகர்ந்து வரிசையில் நின்றன. அழகான வேலை. பிறகு அவர், “கம்பியா, அலைனரா?” என்று கேட்டார். “வெளியே தெரியாதது” என்றாள் இவள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எங்களுக்கு அப்போது தெரியாது. உங்கள் அலைனர் போலக் கண்ணாடி மாதிரி உறை ஒன்று வாய்க்குள் இருந்து பல்லை நகர்த்தும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். ஆனால் நீங்கள் கேட்கும் கேள்வி எங்களுக்கும் இருந்தது. எங்களிடம் இருந்தவை இரண்டு. ஒன்று தட்டு. அண்ணத்தில் ஒட்டி உட்காரும் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக், முன்னால் ஒரே ஒரு மெல்லிய கம்பி. நோயாளியே மாட்டலாம், கழற்றலாம். இன்னொன்று ஒவ்வொரு பல்லிலும் இரும்பு வளையம் ஒட்டி, அதில் கம்பி கோப்பது. அதை நாங்கள்தான் கழற்ற முடியும். கழற்றக்கூடியதா, கழற்ற முடியாததா என்பதுதான் அன்றைக்கும் கேள்வி. நான் அதற்கு முதலில் தவறான பதில் சொன்னேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. வெளிநாட்டில் பல் சீரமைப்புப் படித்துவிட்டு ஈப்போவில் அரசாங்கப் பல் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயது முப்பதுக்குள். கையில் புதுப் பட்டம், மனசில் கொஞ்சம் திமிர். ஒரு சனிக்கிழமை காலை சாந்தி டீச்சர் வந்தார். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தமிழ்ப் பள்ளியில் முதலாம் வகுப்பு ஆசிரியை. இருபத்து மூன்று வயது. தற்காலிக வேலைதான், பயிற்சிக் கல்லூரிக்குத் தேர்வானால்தான் நிரந்தரம். விடிவதற்குள் கிளம்பி, காம்பாரில் பஸ் மாறி, இரண்டு மணி நேரப் பயணம் செய்து வந்திருந்தார். கையில் தலைமையாசிரியர் எழுதிய கடிதம்.

அந்தக் கடிதத்தில் இருந்தது இதுதான். பள்ளிக்கு வந்த ஆய்வாளர் முதலாம் வகுப்பில் நுழைந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். ‘சேவல்’ என்று எழுதியிருந்ததை முதல் பிள்ளை ‘தேவல்’ என்று படித்தது. அடுத்ததும் அப்படியே. ‘சட்டை’ என்பது ‘தட்டை’ ஆனது, ‘சோறு’ என்பது ‘தோறு’ ஆனது. தோட்டத்துப் பேச்சு வழக்கு போலும் என்று அவர் முதலில் நினைத்திருக்கிறார். டீச்சர் வாயைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. நாற்பது பிள்ளைகளும் தங்கள் டீச்சர் சொன்னபடியே தப்பாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் பயிற்சிக் கல்லூரிப் பேட்டி வருவதற்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தலைமையாசிரியர் நல்ல மனிதர். இவரைவிட அக்கறையாகப் பாடம் நடத்தும் ஆள் தனக்குக் கிடைக்க மாட்டார், தயவுசெய்து பாருங்கள் என்று முடித்திருந்தார்.

வாயைத் திறக்கச் சொன்னேன். சின்ன வயதில் நெடுநாள் விரல் சூப்பிய வாய். மேல் முன்பற்கள் நான்கும் வெளியே தள்ளி, விசிறி மாதிரி விரிந்து இடைவெளி விட்டிருந்தன. ‘ச’ சொல்லும்போதெல்லாம் நாக்கு அந்த இடைவெளிக்குள் போய் நின்றது. பற்களை உள்ளே சாய்த்து இடைவெளியை மூடினால் போதும். அதற்குத் தட்டு போதும் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லும். டீச்சருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வாயில் கம்பி கட்டிக்கொண்டு போனால் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆளுக்கொரு பேச்சுப் பேசுவார்கள் என்று பயந்தார். வளையம் கட்டும் சாமான்களோ கப்பலில் வர வேண்டியவை. வருடத்துக்கு ஒரு சிலருக்கு மட்டுமே போதும். அதுவும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம். ஆக, மூன்று காரணமும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டது. பத்து நிமிடத்தில் முடிவெடுத்து, அச்செடுத்து அனுப்பினேன். எவ்வளவு சுலபமாக முடிந்தது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

சாப்பிடும் நேரம் தவிர இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார்.

மாதாமாதம் வந்தார். முதல் மாதம் ஒன்றும் நகரவில்லை. பெரியவர்களின் எலும்பு கெட்டியானது, பொறுமை வேண்டும் என்றேன். இரண்டாம் மாதமும் நகரவில்லை. கம்பியை இறுக்கினேன். நான்காம் மாதம் தட்டு வாயில் சரியாக உட்காரவே இல்லை. எங்கள் ஆய்வகத்தில் தட்டு செய்யும் சீன நண்பரிடம் கொண்டுபோய், அச்சு தவறிவிட்டதா என்று கேட்டேன். அவர் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இனி மாசே பாரு, டாக்டர்” என்று மலாயில் சொன்னார். இது இன்னும் புதுசு என்று அர்த்தம். தேநீர்க் கறை இல்லை, பல் கடித்த தடம் இல்லை, மெருகு மங்கவில்லை. அவர் கையை விட்டுப் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திரும்பி வந்து டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். அரசாங்கச் சாமான் வீண், என் நேரம் வீண், இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வருவது எதற்கு, போட மனசில்லை என்றால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றெல்லாம் பேசினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

டீச்சர் தட்டை என் கையிலிருந்து வாங்கிக் கழுவினார். வாயில் வைத்து, வலிக்க வலிக்க அழுத்தி உட்கார வைத்தார். பையைத் திறந்து முதலாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை எடுத்து, வகுப்பில் நிற்பது போல நிமிர்ந்து நின்று, படிக்க ஆரம்பித்தார்.

நான் கேட்டேன். அதுவரை நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. தட்டு இல்லாதபோது அவருக்கு ‘ச’ ஒன்றுதான் தகராறு. தட்டைப் போட்டதும் ‘ழ’வும் போயிற்று, ‘ற’வும் போயிற்று. நாக்கு மடிந்து மேலே தொட வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் இருந்தது. எச்சில் ஊறி ஊறிச் சொல் எல்லாம் குழைந்தது. ‘பழம்’ என்ன, ‘பாறை’ என்ன, ஒன்றும் பிரியவில்லை. அரைப் பக்கம் படித்துவிட்டு நிறுத்தினார். தட்டைக் கழற்றினார்.

“இதப் போட்டுக்கிட்டு நாப்பது பிள்ளைங்க முன்னால எப்படி டாக்டர் நிக்கிறது?” என்றார். “இப்ப ‘த’ மட்டும்தான் தப்பாப் படிக்குதுங்க. இதப் போட்டா எல்லாத்தையும் தப்பாப் படிக்கும்.”

அவர் சொல்ல நினைத்தது ‘ச’. அவர் வாயில் அது ‘த’ என்றே வந்தது. 

பிறகு விசாரித்தேன். முதல் வாரம் வகுப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, அவரைப் போலவே குழறிப் படித்தார்கள். அதைக் கேட்டுப் பயந்து கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார். காலையில் பள்ளி, மதியம் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிப் பாடம், சாயங்காலம் கோவிலில் தேவார வகுப்பு. விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசும் வேலை. சில இரவுகள் மட்டும் போட்டுப் பார்த்தாலும், பகலெல்லாம் நாக்கு தள்ளித் தள்ளிப் பல்லைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட்டது. அப்புறம் இரவிலும் தட்டு உள்ளே போகவில்லை.

அவர் வாயை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள் நான். அந்த வாய் நாள் முழுக்க என்ன செய்கிறது என்று கேட்கவே இல்லை. குரலை வைத்துப் பிழைப்பவருக்கு அண்ணத்தை மூடும் சாமானைக் கொடுத்துவிட்டு, போடவில்லை என்று திட்டியிருக்கிறேன்.

அப்போது எங்கள் அலமாரியில் வளையச் சாமான் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அடுத்தது வர மாதங்கள் ஆகும். அதைத் தரும் அதிகாரம் எங்கள் பெரிய டாக்டரிடம். யாழ்ப்பாணத்துத் தமிழர், கறாரான மனிதர். போய்க் கேட்டேன். விதிப்படி அது பள்ளிப் பிள்ளைக்குத்தான் என்றார். கொடுத்த தட்டையே போடாதவருக்கு வளையம் கட்டினால் அதையும் பாழாக்குவார் என்றார். இரண்டும் நியாயமான பேச்சு. நான் வாதாடவில்லை. ஐந்து நிமிடம் வெளியே வந்து காது கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

டீச்சரை அதே பக்கத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன், தட்டில்லாமல் ஒரு தடவை, தட்டோடு ஒரு தடவை. பெரிய டாக்டர் தன் தமிழைப் பற்றி ரொம்பப் பெருமை உள்ளவர். எங்கள் ‘வாரேன், போலாம்’ பேச்சையே முகம் சுளித்துத்தான் கேட்பார். இரண்டாம் தடவை டீச்சர் படித்து முடிப்பதற்குள் கையை உயர்த்தி நிறுத்தினார்.

பள்ளிப் பிள்ளைக்குத்தான் பெட்டி என்றால் இதோ நாற்பது பிள்ளைகள் நிற்கிறார்கள், வருடா வருடம் இன்னும் நாற்பது வருவார்கள் என்று நான் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். காகிதத்தை என் கையில் கொடுக்கும்போது, டீச்சருக்குக் கேட்காத குரலில், “பிழை விட்டது நீர், பிள்ளை. அவ இல்லை. போய் முதல்ல அவவிட்ட மன்னிப்புக் கேளும்” என்றார்.

கேட்டேன். டீச்சர் பதறிப் போய், பரவாயில்லை டாக்டர், பசியாறிட்டீங்களா என்று விசாரித்தார். காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர் அவர்.

அந்த ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் வளையம் கட்டினோம். முதல் வாரம் கஞ்சிதான் குடித்தார். கன்னத்தின் உள்பக்கம் புண்ணானது. ஆனால் பள்ளி திறந்ததும் வகுப்பில் நின்றார், பேசினார். அண்ணத்தில் ஒன்றும் இல்லாததால் நாக்குக்குத் தடை இல்லை. பிள்ளைகள் டீச்சர் வாயில் நட்சத்திரம் இருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொன்னார்களாம். மாதாமாதம் இடைவெளி குறைந்தது. ‘ச’ சொல்லும்போது நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் பழகச் சொன்னேன். அவர் அதையும் வகுப்பில் பாடமாக்கி, பிள்ளைகளோடு சேர்ந்து பழகினார். வருட முடிவில் இடைவெளி மூடிவிட்டது. ஒரு நாள் அவர், “சீக்கிரம் வந்துட்டேன், சாவகாசமாப் பாருங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரே மூச்சில் அத்தனை ‘ச’ சுத்தமாக வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த வருடம் மார்ச்சில், பயிற்சிக் கல்லூரிப் பேட்டிக்குக் கடிதம் வந்துவிட்டது. மூன்று வாரத்தில் ஈப்போவில் பேட்டி. வருடக் கடைசியில்தான் வரும் என்று நினைத்திருந்தோம். டீச்சர் தன் அண்ணனோடு வந்தார். அண்ணன் முனியாண்டி தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டுபவர். கட்டைக் குரல், பெரிய உடம்பு. தங்கையைப் படிக்க வைத்தது அவர்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டாக்டர், பல்லுதான் சேந்திருச்சே. கம்பியக் கழட்டிருங்க. பெரிய ஆபீசருங்க முன்னால இரும்ப வாயில வெச்சிக்கிட்டு எப்படிப் போறது? மூஞ்சியப் பாத்ததும் அனுப்பிருவாங்க லா.”

கழற்றுவது அரை மணி நேர வேலை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அந்தக் காலத்தில் வயது வந்தவர்களின் வாயில் கம்பியைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. என்ன நோய் என்று கேட்பார்கள். மறுத்து, டீச்சருக்கு வேலை கிடைக்காமல் போனால் அந்தக் குடும்பம் என்னை மன்னிக்காது. நானே என்னை மன்னிக்க மாட்டேன். ஒரு தடவை தவறு செய்தவள் வேறு. சரி என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது.

ஒரு நிமிடம் டைம் கேட்டேன். கை கழுவுகிற சாக்கில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு யோசித்தேன். பல் இடம் மாறிவிட்டதே தவிர எலும்பு இன்னும் இறுகவில்லை. புதிதாக ஊன்றி, சிமெண்டு காயாத கம்பம் மாதிரி நிற்கிறது. வளையத்தைக் கழற்றினால் பல்லைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும். அது என்ன? அண்ணத்தை மூடும் அதே தட்டு. தட்டைப் போட்டுக்கொண்டு பேட்டிக்குப் போனால் பேச்சு குழறும். தட்டு இல்லாமல் போனால் மூன்று வாரத்தில் இடைவெளி திரும்ப விரிய ஆரம்பிக்கும். பார்க்க நன்றாக இருக்கும், கேட்க நன்றாக இருக்காது. போன தடவையும் நான் தோற்றத்தைப் பார்த்துத்தானே ஏமாந்தேன்.

குழாயை மூடிவிட்டு வந்தேன். இதையெல்லாம் ஒளிக்காமல் இரண்டு பேரிடமும் சொன்னேன். “டீச்சர், இது உங்க வாய். கழட்டச் சொன்னா இப்பவே கழட்டிடுறேன். ஆனா அவங்க உங்களப் பாக்குறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். மிச்ச நேரம் முழுக்க நீங்க பேசுறதத்தான் கேக்கப் போறாங்க.”

முனியாண்டி அண்ணன் தங்கையைப் பார்த்தார். கழட்டச் சொல்லு என்று கண்ணாலேயே சொன்னார். 

“இருக்கட்டும் டாக்டர்” என்றார் டீச்சர். “சொல்லிக் குடுக்கத்தானே போறேன். சொல்லு சரியா வந்தாப் போதும்.”

அண்ணன் வெளியே போனார். லாரிக் கதவு சாத்திய சத்தம் உள்ளே வரை கேட்டது.

பேட்டியன்று காலை மருத்துவமனைக் கதவு திறந்தபோது டீச்சர் படிக்கட்டில் நின்றிருந்தார். நீலப் புடவை, கையில் சான்றிதழ்க் கோப்பு, வாயில் கைக்குட்டை. கைக்குட்டையில் ரத்தம். பஸ் குலுக்கலில் கடைவாய்ப் பக்கம் கம்பி நுனி பிய்ந்து கன்னத்தில் குத்தியிருந்தது. பேட்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. முறைப்படி பார்த்தால் அந்தக் கம்பியை முழுசாக எடுத்துவிட்டுப் புதிதாகக் கோக்க வேண்டும். கோத்தால் எல்லாப் பல்லும் அன்று முழுக்க வலிக்கும், வாயை அசைக்கவே பயமாக இருக்கும். முறையை ஓரமாக வைத்தேன். நீட்டிக்கொண்டிருந்த நுனியை மட்டும் நறுக்கி, மிச்சத்தை மடக்கி, மேலே மெழுகை உருட்டி அப்பினேன். ரத்தம் நிற்கும்வரை பஞ்சை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.  பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தன் காரிலேயே டீச்சரை அனுப்பி வைத்தார்.

அன்று நான் நோயாளிகளைப் பார்த்தேன் என்று பேர். வாசலில் யார் நிழல் விழுந்தாலும் தலை திரும்பியது.

பன்னிரண்டு மணிக்கு மேல் டீச்சர் வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். உள்ளே போய் வணக்கம் சொன்னதுமே நடுவில் இருந்த அம்மாள், வாயில் என்ன அது, ஏதாவது உடம்புக்கா என்று கேட்டிருக்கிறார். எதற்குப் பயந்துகொண்டிருந்தோமோ அதுதான் முதல் கேள்வி.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“உள்ளதச் சொன்னேன் டாக்டர். எனக்கு ‘ச’ வராது, எங்கிட்டப் படிச்ச பிள்ளைங்களுக்கும் வரல. எங்கிட்டேயிருந்து பிள்ளைங்க தப்பாப் படிக்கக் கூடாதுன்னு கட்டிக்கிட்டேன். இப்ப எனக்கும் வரும், பிள்ளைங்களுக்கும் வரும்னு சொன்னேன்.”

அதற்கப்புறம் அந்த அம்மாள் வாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு எழுத்தை எப்படிச் சொல்லித் தருவீர்கள், காட்டுங்கள் என்றாராம். டீச்சர் எழுந்து கரும்பலகைக்குப் போய் ‘ச’ எழுதியிருக்கிறார். வேறு எதையாவது எழுதியிருக்கலாம், ‘அ’ எழுதியிருக்கலாம். அவர் ‘ச’ எழுதினார். நாக்கை எங்கே வைக்க வேண்டும், காற்றை எப்படி விட வேண்டும் என்று முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல அந்த மூன்று பெரிய மனிதர்களுக்கும் சொல்லியிருக்கிறார். அவர்களையும் திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறார். தமிழ் தெரியாத மலாய் அதிகாரிகூட இரண்டு தடவை சொன்னாராம்.

தேர்வுக் கடிதம் வர ஆறு வாரம் ஆனது. ஆனால் அந்தக் கரும்பலகைக் கதையைக் கேட்டபோதே கடிதத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடிதம் வந்த செய்தியை அவருடைய தலைமையாசிரியர் பீடோர் தபால் நிலையத்திலிருந்து போன் செய்து சொன்னார். பெரிய டாக்டர் அன்று எல்லோருக்கும் பலகாரம் வாங்கி வரச் சொன்னார். எங்கள் சீன நண்பர் ஆய்வகத்திலிருந்து அந்தப் பழைய தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இன்னும் புதுசாகத்தான் இருக்கிறது, வேறு யாருக்காவது பொருந்துமா பாருங்கள் என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதே வருடம் ஆகஸ்டில், எலும்பு இறுகியதைப் பார்த்த பிறகுதான் வளையத்தைக் கழற்றினேன். பள்ளி விடுமுறையில், பேசத் தேவையில்லாத நாட்களில் தட்டுக்குப் பழகிக்கொள்ளச் சொன்னேன். அதற்குப் பிறகு இரவில் மட்டும் போதும் என்று ஆனது. இந்தத் தடவை தட்டு கறை பிடித்து, தேய்ந்து வந்தது.

இதிலிருந்து கம்பிதான் சிறந்தது என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நானே கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன். என்னைத் திருத்தியது யார் தெரியுமா, முனியாண்டி அண்ணன்.

வளையம் கழற்றி இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. பால் லாரி மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார், கூடவே அவருடைய பன்னிரண்டு வயது மகள். காத்திருந்தவர்களுக்கு நடுவே நின்று, தன் தங்கை பயிற்சிக் கல்லூரிக்குப் போகிறாள், இந்த டாக்டர்தான் பல் கட்டியவர் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மகளை முன்னால் தள்ளினார்.

“இவளுக்கும் போடணும் டாக்டர். தட்டெல்லாம் வேணாம். அத்தைக்குக் கட்டுனீங்களே, அந்த இரும்புக் கம்பி. நல்லாத் தெரியுற மாதிரிக் கட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும் லா.”

கழட்டச் சொல்லி என்னிடம் நின்ற அதே மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தச் சிறுமியைப் பார்த்தேன். ஒரே ஒரு பல் உள்ளே தள்ளியிருந்தது. அலமாரியில் புதிதாக வந்த பெட்டிகள் இருந்தன. கம்பி கட்டினால் அண்ணன் மகிழ்ந்து போவார், எனக்கும் கை துறுதுறுத்தது.

நாற்காலியில் உட்கார வைத்தேன். விளக்கைப் போடவில்லை, கண்ணாடிக் குச்சியை எடுக்கவில்லை. எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன். “காலைல எந்திரிச்சதிலேயிருந்து படுக்குற வரைக்கும் என்னென்ன செய்வே? ஒண்ணு விடாமச் சொல்லும்மா” என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லி முடித்த பிறகுதான் வாயைத் திறக்கச் சொன்னேன்.

நாளெல்லாம் பேசியாக வேண்டிய வேலை எதுவும் அவளுக்கு இல்லை, நகர வேண்டியதும் ஒரே பல், அதனால் தட்டுதான் போட்டேன். ஆறு மாதத்தில் பல் சரியாகிவிட்டது.